பரிசலும் பருந்தும்

(மாரண்டஹள்ளியில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தக்காளி விலை ஏறுமா, இறங்குமா? இந்த வட்டாரத்தில் நாலு பேர் கூடினால் பேச்சு அதுதான். அதை விட்டுவிட்டுப் பருந்தைப் பற்றிப் பேச ஓர் ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்களே என்று சிலர் நினைக்கலாம். நினைப்பதில் தவறில்லை. கொஞ்ச நேரம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைய பொருள் இதுதான்: பரிசலில் போய், வேட்டையாடி உண்ணும் காட்டுப் பறவைகளைப் படம் எடுக்கும் கலை. எப்படி எடுக்கிறார்கள்? எடுப்பதற்கு எவ்வளவு தூரம் போகலாம்? எடுத்த படத்தால் பறவைக்கு என்ன கிடைக்கிறது?

உங்கள் ஊருக்குப் பக்கத்தில், பஞ்சப்பள்ளியில், சின்னாற்றின் குறுக்கே அணை இருக்கிறது. அந்தச் சின்னாறு காடும் கரடும் கடந்து ஒகேனக்கல் பக்கம் காவிரியில் சேர்கிறது. ஆகவே இங்கே பேசப்போவது அமேசான் காட்டுப் பறவைகளைப் பற்றி அல்ல. உங்கள் ஆறு போய்ச் சேருகிற இடத்துப் பறவைகளைப் பற்றி.

முதலில் வாகனத்தைப் பார்ப்போம்.

மூங்கிலைப் பிளந்து, பின்னி, வட்டமாக வளைத்து, அடியில் முன்பெல்லாம் தோலும் இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும் போட்டு மூடினால் பரிசல். கைதேர்ந்தவர் ஒரே நாளில் கட்டி முடித்துவிடுவார். ஒகேனக்கல்லில் சுற்றுலாப் பயணிகள் ஏறிப் போவது இதில்தான். 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த டொமிங்கோ பயஸ் என்ற போர்த்துகீசியப் பயணி துங்கபத்திரையில் பரிசலைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். கூடை போல் வட்டமான படகு, வெளியே தோல், பதினைந்து இருபது பேர் ஏறலாம், மாடும் குதிரையும்கூட ஏற்றலாம் என்று வியக்கிறார். கூடவே இன்னொன்றும் சொல்கிறார்: இந்தப் படகு எப்போதும் சுற்றிக்கொண்டே போகிறது!

அந்தச் சுற்றல்தான் படக்காரரின் முதல் தலைவலி. கேனூ என்ற ஒடுங்கிய நீளப் படகுக்கு மூக்கு உண்டு, வால் உண்டு; மூக்கைத் திருப்பினால் பறவை எதிரே வந்துவிடும். பரிசலுக்கு மூக்கும் இல்லை, வாலும் இல்லை. கழுகு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும். கேமராவைத் தூக்குவதற்குள் பரிசல் அரைவட்டம் அடித்து, எதிர்க்கரைப் பாறையைக் காட்டிக்கொண்டிருக்கும். மடியில் நான்காயிரம் கிராம் லென்ஸ் இருந்தாலும் சரி, நாலு லட்சம் ரூபாய் லென்ஸ் இருந்தாலும் சரி, பரிசலுக்கு அது தெரியாது.

அப்படியானால் ஏன் பரிசல்? கரையில் நடந்து போய் எடுக்கக்கூடாதா? எடுக்கலாம். ஆனால் கழுகு நிற்காது. மனிதனைவிட மிகக் கூர்மையான கண் அதற்கு. காட்டோரம் நடந்து வரும் ஆளை, அவர் கழுகைப் பார்ப்பதற்கு வெகு முன்பே அது பார்த்துவிடும். இரண்டு கால், நிமிர்ந்த உடம்பு, ஆடுகிற கை என்று அது அஞ்சுகிற உருவம் அப்படியே வருகிறது. தண்ணீரில் கதை வேறு. உட்கார்ந்திருக்கும் ஆளுக்குப் பாதி உடம்பு பரிசலுக்குள் மறைந்துவிடும். காலடிச் சத்தம் இல்லை, சருகு மிதிபடும் சத்தம் இல்லை. ஆற்றில் மிதந்து வருவதைப் பறவை நாள்தோறும் பார்க்கிறது: மரக்கட்டை வருகிறது, மீன்பிடிப் பரிசல் வருகிறது. அந்தப் பழக்கத்தின் மறைவில் படக்காரர் நெருங்குகிறார்.

இந்த உத்தியைக் கேமராவோடு சேர்த்தவர்களில் முன்னோடி ஒரு வழக்கறிஞர், அமெரிக்காவைச் சேர்ந்த ஜார்ஜ் ஷிராஸ். இரவில் கேனூவின் முன்புறத்தில் விளக்கு வைத்துக்கொண்டு, ஏரிக்கரைக்குத் தண்ணீர் குடிக்க வரும் மானின் கண் மினுங்குவதைப் பார்த்துச் சுடுவது அங்கத்திய வேட்டைக்காரர்களின் வழக்கம். ஷிராஸும் அப்படித்தான் தொடங்கினார். பிறகு துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தார். அதே கேனூ, அதே விளக்கு, அதே பதுங்கல். முடிவில் மான் உயிரோடு திரும்பிப் போனது. நேஷனல் ஜியாகிரபிக் இதழ் 1906 ஜூலையில் அவருடைய 74 படங்களை ஒரே இதழில் வெளியிட்டது. அந்த இதழின் பெயரைச் சொன்னாலே காட்டுயிர்ப் படங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பழக்கம் இந்தக் கேனூக்காரரிடமிருந்து தொடங்கியது.

ஷிராஸின் இலக்கு மான். கரையில் நின்று நீர் குடிக்கிற மான். நம் ஆற்றிலோ, இலக்கு வானத்திலிருந்து இறங்கி வருகிறது.

யார் யார் இறங்குகிறார்கள்? எல்லோருக்கும் தெரிந்தவர், செம்பருந்து. வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு. வானத்தில் பார்த்தவுடன் நம் பாட்டிமார் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கருடன் இவர்தான். அடுத்து, ஊருக்குள் கோழிக்குஞ்சு தூக்கும் பழி சுமந்த கள்ளப்பருந்து. மலைச்சரிவில் வட்டமிட்டுக் கூவும் கொண்டை வைத்த பாம்புக் கழுகு. செங்குத்துப் பாறைகளில் கூடு வைத்து, ஆணும் பெண்ணும் சேர்ந்தே வேட்டையாடும் பொனெல்லி கழுகு. பாய்ச்சலில் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் பைரி. மாலை மங்கியதும் பாறையில் வந்து உட்கார்ந்து மீனுக்குக் காத்திருக்கும் பூமன் ஆந்தை. இத்தனை பேரையும் பற்றிப் பேச இன்று ஒரு பொழுது போதாது. இரண்டு பேரை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாமவர் விராலடிப்பான்.

பெயரிலேயே தொழில் இருக்கிறது. மீனைத் தவிர வேறெதையும் பெரும்பாலும் தொடாத பறவை. அண்டார்டிகாவைத் தவிர எல்லாக் கண்டங்களிலும் உண்டு. நம் பக்கம் குளிர்கால விருந்தாளி. வடக்கேயிருந்து வந்து, பங்குனி வாக்கில் திரும்பிவிடும். ஆற்றுமடு, ஏரி, அணை நீர்த்தேக்கம் எதுவானாலும் மீன் இருந்தால் போதும்.

இது மீன் பிடிப்பதைப் பார்க்க வேண்டும்! உயரத்தில் ஓரிடத்தில் சிறகடித்து நிற்கும். கீழே மீன் தெரிந்ததும் இறங்கும். பாதி வழியில் நின்று மறுபடி பார்க்கும். பிறகு சிறகை மடக்கி விழும். தண்ணீரைத் தொடும் கணத்தில் கால்களை முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொள்ளும். செம்பருந்து நீர்ப்பரப்பிலிருந்து அள்ளிக்கொண்டு போகும். விராலடிப்பான் முழு உடம்போடு முழுகி எடுக்கும். வழுக்கும் மீனைப் பிடிக்க அதன் பாதத்தின் அடியில் முள்முள்ளான செதில்கள். வெளிவிரலைப் பின்பக்கமும் திருப்பிக்கொள்ளும் வசதி உண்டு. முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று மீனை இறுக்கிவிடும். மூழ்கும்போது மூக்குத்துளையை மூடிக்கொள்ளும். மேலே எழும்பியதும் நாய் உதறுவது போல் ஓர் உதறல். நீர்த்துளிகள் நாலாபக்கமும் சிதறும். அப்புறம் மீனின் தலை முன்னே இருக்கும்படி திருப்பிப் பிடித்துக்கொள்ளும், காற்றை எதிர்த்துப் போகும்போது தடை குறைய வேண்டும் அல்லவா?

இத்தனையும் சில நொடிகளுக்குள் முடிந்துவிடும். நொடியை இரண்டாயிரமாக வகுத்து அதில் ஒரு பங்கு நேரம் மட்டும் ஷட்டர் திறந்தால்தான் அந்த நீர்த்துளிகள் முத்து முத்தாக நிற்கும். இதற்குக் கேமராக் கடையில் பதில் உண்டு. இந்தக் காலக் கேமரா பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிறது. ஆனால் பறவை எந்த இடத்தில் விழும், எந்தப் பக்கம் எழும்பும் என்பது கேமராவுக்குத் தெரியுமா? தெரியாது. யாருக்குத் தெரியும்?

பரிசல்காரருக்குத் தெரியும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். புகைப்படப் போட்டிகளில் பரிசு வாங்கும் படங்களுக்குக் கீழே எடுத்தவர் பெயர் இருக்கும், கேமராவின் பெயர் இருக்கும், லென்ஸின் அளவுகூட இருக்கும். துடுப்புப் போட்டவர் பெயர் இருக்காது. இது நியாயமில்லை. எந்த மடுவில் மீன் மேலே வருகிறது, எந்த மருத மரத்தின் பட்டுப்போன கிளையில் பருந்து காலையில் உட்காருகிறது, எந்தப் பாறைக்குப் பின்னால் தண்ணீர் ஓட்டம் அடங்கியிருக்கிறது என்பதெல்லாம் அவர் உடம்பில் இருக்கிற அறிவு. சுற்றுகிற பரிசலை நிறுத்த அவருக்கு வழி தெரியும். பாறையின் பின்புறம் நீர் அடங்கிய இடத்தில் கொண்டுபோய், துடுப்பை ஊன்றிப் பிடித்தாரானால் பரிசல் அப்படியே நிற்கும். ஓட்டத்திலேயே போக வேண்டுமென்றால், துடுப்பை இப்படி இரண்டு, அப்படி ஒன்று என்று மாற்றிப் போட்டு ஒரே பக்கத்தைப் பறவைக்குக் காட்டிக்கொண்டே போவார்.

நேராகப் பறவையை நோக்கிப் பரிசலை விடச் சொல்பவர் புதியவர். பழகியவர் அப்படிச் சொல்லமாட்டார். நேரே வருவது எதுவும் வேட்டைப் பறவையின் கணக்கில் எதிரி. சாய்வாக, கடந்து போகிறவர் போல, பறவையையே வெறிக்காமல், பேச்சைக் குறைத்து, கையை அடக்கி வர வேண்டும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று பார்க்க வேண்டும். பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், காற்றை எதிர்த்துத்தான் வந்து உட்காரும். ஆகவே காற்று படக்காரரின் முதுகுப்பக்கம் இருந்தால், எழும்பும் பறவை முகத்தைக் காட்டிக்கொண்டு எழும்பும். சூரியனும் முதுகுப்பக்கம் இருந்தால் அன்றைக்கு யோகம்தான்.

இன்னோர் அடையாளமும் உண்டு. சபையில் சொல்லலாமா என்று தெரியவில்லை, மாணவர்கள் சிரிப்பார்கள். கிளையில் உட்கார்ந்திருக்கும் கழுகு முன்னே சாய்ந்து, வாலைத் தூக்கி எச்சம் போட்டதென்றால் அடுத்து அது பறக்கப்போகிறது என்று அர்த்தம் கொள்ளலாம். உலகத்துப் பறவைப் படக்காரர்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது இந்தத் தருணத்துக்காகத்தான்!

வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. வெளுத்த வானத்தை முதுகில் வைத்துப் பறக்கும் கரிய பறவையைக் கேமராவின் போக்கில் விட்டால் வெறும் நிழலாகத்தான் பதியும். வெளிச்சத்தைக் கூட்டி வைக்க வேண்டும். செம்பருந்தின் வெள்ளைத் தலையிலோ வெயில் பட்டால் இறகின் வரி தெரியாமல் வெந்து போகும். குறைத்து வைக்க வேண்டும். இரண்டும் ஒரே காலையில், ஒரே பரிசலில், அடுத்தடுத்து நேரும். முக்காலி இங்கே உதவாது. பரிசல் ஆடும்போது முக்காலியும் சேர்ந்து ஆடும். முழங்கையை முழங்காலில் ஊன்றிக் கையில் பிடித்தே எடுக்க வேண்டும். லென்ஸுக்கு நீர்புகாப் பை வேண்டும். ஆளுக்கு உயிர்காப்பு உடை வேண்டும். படத்துக்கு இடைஞ்சல் என்று அதைக் கழற்றி வைக்கிறவரைப் பரிசலில் ஏற்றக்கூடாது. கர்நாடக அணைகள் திறந்து, காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடினால், மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடும். அந்த நாளில் காவிரிப் பக்கம் கேமராவைக் கொண்டுபோக வேண்டாம்.

இரண்டாமவர் சிறிய மீன்கழுகு.

இவரைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. சாம்பல் தலை, பழுப்பு உடம்பு, வெள்ளை வயிறு. பகட்டே இல்லாத தோற்றம். இமயமலை அடிவார ஆறுகளிலும் தென்கிழக்காசியாவிலும் வாழும் பறவை என்றுதான் நூல்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. காவிரிக் கரையில் இது வாழ்கிறது, கூடும் வைக்கிறது என்பது அண்மைக் காலத்தில்தான் பதிவாயிற்று. தென்னிந்தியப் பறவை ஆர்வலர்களுக்கு அது பெரிய செய்தி. பட்டையிட்ட வாலுள்ள சாம்பல்தலை மீன்கழுகு என்று ஒன்று உண்டு. ஏரி, குளம் போன்ற அடங்கிய நீரை விரும்பும். அதன் வெண்மையான வாலின் நுனியில் கறுப்புப் பட்டை இருக்கும். சிறிய மீன்கழுகுக்கு அந்தப் பட்டை கிடையாது. பாறைகளுக்கிடையே விரைந்து ஓடும் காட்டாற்றைத்தான் அது தேடும். தொலைவிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்வது எளிதல்ல. வால் தெரிகிற மாதிரி ஒரு படம் இருந்தால் விவாதம் முடிந்துவிடும்.

படம் எதற்கு என்று கேட்டால், முதல் விடை இதுதான். அழகுக்கு முன்னால் அது ஆதாரம். எந்தப் பறவை, எந்த இடம், எந்த நாள் என்று சொல்லும் ஆதாரம்.

சிறிய மீன்கழுகு நீரின் மேல் நீட்டிய கிளையில் நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவை. விராலடிப்பான் போல வித்தை காட்டாது. அவசரக்காரர் நாலு படம் எடுத்துவிட்டு, பறக்கிற படம் வேண்டும் என்று கையைத் தட்டுவார். துடுப்பால் பரிசலின் விளிம்பில் அடிக்கச் சொல்வார். பறவை பறக்கும், படமும் கிடைக்கும். ஆனால் அது என்ன படம்? மீனுக்காகப் பறந்த படமா? துரத்தப்பட்டு ஓடுகிற படம். பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு இது உடனே தெரியும்: முகம் நம்மைத் திரும்பிப் பார்த்திருக்கும், இல்லையென்றால் முதுகு மட்டும் பதிந்திருக்கும். அந்தப் பறவை அன்று அந்தக் கிளையில் காத்திருந்த காலை நேரம் முழுவதும் வீண். கூட்டில் குஞ்சு இருந்தால் அந்த வேளைச் சோறும் போயிற்று. நல்ல படக்காரருக்கு அளவுகோல் ஒன்றே ஒன்று: பரிசல் வந்தபோது உட்கார்ந்திருந்த பறவை, பரிசல் போன பிறகும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறதா?

காவிரியில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் மேலே ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரங்கனதிட்டு. பறவையியலாளர் சலீம் அலியின் யோசனையை ஏற்று மைசூர் அரசு 1940-இல் சரணாலயமாக அறிவித்த ஆற்றுத் திட்டுகள். அங்கே வனத்துறையின் துடுப்புப் படகில் உட்கார்ந்து, ஆலாக்கள் மீனுக்குப் பாய்வதையும் முதலைகள் பாறையில் வெயில் காய்வதையும் ஆண்டுதோறும் எத்தனையோ பேர் படம் எடுக்கிறார்கள். பறவைகள் அஞ்சி ஓடுவதில்லை. ஏன்? படகு ஒழுங்காக வருகிறது, ஒழுங்காகப் போகிறது, யாரும் இறங்குவதில்லை, யாரும் எறிவதில்லை. அந்த நம்பிக்கையை உண்டாக்கப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

எறிவது என்று சொன்னதும் இன்னொரு கதை நினைவுக்கு வருகிறது. மலேசியாவின் லங்காவித் தீவுக்குப் போய் வந்தவர்கள் இங்கேயும் யாரேனும் இருக்கலாம். அங்கே சதுப்பு நில ஓடைகளில் சுற்றுலாப் படகு நிற்கும். படகோட்டி கோழித் தோலைத் தண்ணீரில் வீசுவார். செம்பருந்துகளும் வெண்வயிற்றுக் கடற்கழுகுகளும் கும்பலாக இறங்கும். அத்தனை கேமராவும் ஒரே நேரத்தில் சடசடக்கும். ஜப்பானின் வடக்கே ரௌசு துறைமுகத்திலும் இதே கதை: குளிர்காலத்தில் மிதக்கும் பனிப்பாளங்களுக்கு நடுவே படகிலிருந்து மீனை வீச, உலகத்தின் மிகப் பெரிய கழுகுகளில் ஒன்றான ஸ்டெல்லர் கடற்கழுகு வந்து எடுத்துப் போகும். உலகப் புகழ் பெற்ற கழுகுப் படங்களில் பல இப்படி வீசிய இரைக்கு இறங்கியபோது எடுத்தவை. இது சரியா?

சிலர் கேட்பார்கள்: நம் நாட்டில் இரை வைக்கவில்லையா? திருக்கழுக்குன்றத்தில் மலைமேல் உச்சிவேளையில் குருக்கள் சோறு வைக்க, இரண்டு பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், வந்து உண்டு போகவில்லையா? உண்மைதான். மஞ்சள்முகப் பாறுகள் வந்துகொண்டிருந்தன. தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் காத்திருந்து பார்த்தார்கள். 1990களுக்குப் பிறகு அவை வருவதில்லை. ஆனால் அங்கே வைத்தது ஒரு பிடி, ஒரு வேளை, ஒரு பாறையில். படகுக்குப் படகு, மணிக்கு மணி, கோழித்தோல் மூட்டையைக் கவிழ்ப்பதோடு அதை ஒப்பிட முடியாது. வெறும் தோலும் கொழுப்பும் தின்ற பறவைக்கு எலும்பும் முட்டையோடும் எப்படி உறுதிப்படும்? இயந்திரப் படகின் ஒலி கேட்டதும் இரை என்று ஓடிவரும் குஞ்சு, வேட்டையை எங்கே கற்கும்? லங்காவியிலேயே இயற்கை ஆர்வலர்கள் இதை எதிர்த்துப் பேசிவருகிறார்கள். ஒகேனக்கல்லில் மீன் வறுக்கும் கடைகள் இருக்கின்றன, மீன் கழிவும் இருக்கிறது. நாளைக்கே ஒருவர் ஒரு கூடை கழிவோடு பரிசலில் ஏறி, செம்பருந்தைக் கூப்பிட்டுக் காட்டுகிறேன், ஆளுக்கு இவ்வளவு என்று தொடங்க முடியும். அந்தத் தொழில் இங்கே வரக்கூடாது.

பாறு என்றதும் ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கு ஒரு சொல். இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது செத்துப் போனதற்குக் காரணம், மாட்டுக்கு வலிக்குப் போட்டுவந்த டைக்ளோபினாக் ஊசி. அந்த மருந்து உடம்பில் இருக்க இறந்த மாட்டைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டது. 2004-இல் இது உறுதியாயிற்று. 2006-இல் மாட்டு மருந்தாக அது தடை செய்யப்பட்டது. அதே கேடு செய்யும் அசிக்ளோபினாக், கீட்டோபுரோபன் இரண்டுக்கும் 2023-இல் தடை வந்தது. மெலாக்சிகாம் பாறுக்குக் கேடு செய்யாது. கால்நடை மருத்துவரிடம் கேட்டு அதைப் போடச் சொல்லுங்கள். பேச்சு படத்தை விட்டு விலகியதாக நினைக்க வேண்டாம். பறவை இருந்தால்தானே படம்?

இரையும் வைக்காமல், விரட்டியும் அடிக்காமல், இருக்கிறபடி எடுக்க முடியுமா? முடியும் என்று வாழ்ந்து காட்டிய தமிழர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். கல்கத்தாவிலிருந்து வந்த ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 தொடங்கி வாழ்நாள் இறுதிவரை காட்டுயிர் பற்றி எழுதிவந்தார், தமிழிலும் எழுதினார். கறுப்பு வெள்ளையில் மட்டும் எடுத்தார். பல கேமராக்களின் பாகங்களைக் கழற்றிச் சேர்த்துத் தாமே கட்டிய ஒரு கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று விளையாட்டாகப் பெயர் வைத்திருந்தார். கருவி பெரிதாக இருந்ததால் பெயர் பெற்றவர் அல்ல அவர். ஒரு யானை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை அறிந்து எடுத்ததால் அவர் படங்கள் இன்றும் பேசப்படுகின்றன.

இனி, படம் பறவைக்கு என்ன செய்யும் என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு நாகாலாந்துக்குப் போக வேண்டும்.

வோக்கா மாவட்டத்தில் டோயாங் என்ற ஆறு. அதன் குறுக்கே அணை கட்டினார்கள். நிலம் மூழ்கியது; உழவர்களில் பலர் நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி வாக்கில் அந்த நீர்த்தேக்கக் கரைக்கு லட்சக்கணக்கில் ஒரு சின்ன வல்லூறு வந்து இறங்கும். அமூர் வல்லூறு. உள்ளங்கையில் அடங்குகிற எடை, நூற்றைம்பது கிராம் சொச்சம். சைபீரியாவிலிருந்தும் வட சீனாவிலிருந்தும் புறப்பட்டு, இங்கே தங்கி ஈசல் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு, இந்தியாவைக் கடந்து, அரபிக் கடலை ஒரே மூச்சில் தாண்டித் தென்னாப்பிரிக்காவுக்குப் போகிற பறவை. அவை அடையும் மரங்களுக்கிடையே மீன் வலையைக் கட்டினார்கள். விடிந்தால் வலை நிறையப் பறவை. விற்றார்கள், தின்றார்கள். ஒரு பருவத்தில் லட்சத்துக்கும் மேல் செத்திருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

2012 அக்டோபரில் பானோ ஹராலு, ராம்கி ஸ்ரீனிவாசன், சஷாங்க் தால்வி, ரோகோஹெபி குவோட்சு ஆகிய காட்டுயிர் ஆர்வலர்கள் அங்கே போய் அதைப் படமும் வீடியோவும் எடுத்து வெளியிட்டார்கள். வலையில் தொங்கும் பறவைகள், இறகு பறித்துக் கட்டிய கொத்துகள். பார்த்த உலகம் பதறியது. பதறியதோடு விட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. பாங்தி முதலிய ஊர்களின் சபைகளும் தேவாலயங்களும் வனத்துறையும் உட்கார்ந்து பேசின. அடுத்த ஆண்டே, 2013-இல், வலை விரிக்கவில்லை. ஒரு பறவையும் கொல்லப்படவில்லை என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு மூன்று வல்லூறுகளுக்குச் செயற்கைக்கோள் கருவி கட்டி, பாங்தி, வோக்கா, நாகா என்று பெயர் வைத்தார்கள். கொன்ற ஊரின் பெயரையே பறவைக்கு வைத்ததில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. தங்கள் ஊர்ப் பெயர் ஆப்பிரிக்காவரை பறப்பதைக் கேட்ட ஊரார் அப்புறம் வலையைத் தூக்குவார்களா?

இங்கே கவனிக்க வேண்டியது, அந்தப் படங்கள் எந்தப் போட்டிக்கும் போகத்தக்க அழகுப் படங்கள் அல்ல. ஒரு நீர்த்தேக்கக் கரையில் என்ன நடக்கிறது என்பதை உள்ளபடி காட்டிய படங்கள். பறவையின் கண் கூர்மையாக இருக்கிறதா, பின்னணி மங்கலாக இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் படத்துக்கு மறுபக்கமும் உண்டு. கூட்டின் படம் எடுத்து, இடத்தின் பெயரையும் போட்டு, கைப்பேசியில் நாலு குழுவுக்கு அனுப்பினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மரத்தடியில் நாற்பது பேர் நிற்பார்கள். தாய் கூட்டைவிட்டு எழும்பும், முட்டை வெயிலில் காயும், காக்கை வரும். ஆகவே கூடு கண்டால் படம் வேண்டாம், இடம் சொல்ல வேண்டாம். ஒலிப்பதிவைப் போட்டுப் பறவையைக் கூப்பிட வேண்டாம். கழுகுப் பாறைக்கு எதிரே டிரோன் விட வேண்டாம். இரவில் பூமன் ஆந்தையின் முகத்தில் பளிச்சென்று விளக்கடிக்க வேண்டாம்; அந்த இருட்டுக் கண்ணை வைத்துத்தான் அது பிழைக்கிறது.

சட்டமும் பறவையின் பக்கம்தான். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தப் பறவைகளைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். சரணாலயத்துக்குள் படம் எடுக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் காட்டைக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவித்தது. அதற்கு முன்பே 2014-இல் காவிரி வடக்குச் சரணாலயம் வந்தது. எதிர்க்கரையில் கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயம். மூன்றும் சேர்ந்து ஆற்றின் இரு கரையையும் அணைத்துக்கொண்டிருக்கின்றன. யானைக்கும் நீர்நாய்க்கும் முதலைக்கும் கிடைத்த அந்தப் பாதுகாப்பு மீன்கழுகுக்கும் கிடைத்திருக்கிறது. ஆறு கெடாமல், மீன் குறையாமல், கரைமரம் வெட்டுப்படாமல் இருந்தால் அது தானே பிழைத்துக்கொள்ளும்.

கடைசியாக மாணவர்களுக்கு. கேமரா இல்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். 2015 முதல் தமிழ்நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளைக் குறித்து இணையத்தில் பதிவு செய்தால் போதும். அது விராலடிப்பான் வந்து தங்கும் காலம். ஆசிரியர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பஞ்சப்பள்ளி அணைக்குப் போங்கள். தண்ணீரில் இறங்க வேண்டாம், கரையிலேயே நில்லுங்கள். ஒரு நோட்டு, ஒரு பேனா, முடிந்தால் வீட்டில் இருக்கும் கைப்பேசி. கண்டதை மட்டும் எழுதுங்கள், காணாததை எழுதாதீர்கள். வருகிற பொங்கலுக்கு இந்த வட்டாரத்திலிருந்து ஒரு பட்டியலாவது போக வேண்டும்.